குனுங்கிடுலா, குலோன் புரோகோவா?

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், யோக்யகர்த்தா பகுதியில் இரு மாவட்டங்கள்: கிழக்கே குனுங்கிடுல், மேற்கே குலோன் புரோகோ. ஜாவா மொழியில் முன்னதற்குத் 'தெற்கு மலை' என்றும், பின்னதற்கு 'புரோகோ ஆற்றுக்கு மேற்கே' என்றும் பொருள்.

பரப்பில் குனுங்கிடுல்தான் பெரியது. யோக்யகர்த்தாவில் ஏறத்தாழப் பாதி. தெற்கே பரந்து கிடப்பவை சுண்ணாம்புக் குன்றுகள். மழை பெய்யாமல் இல்லை. பெய்த நீர் பாறை வழியே கீழே இறங்கிவிடுகிறது. காலடியில் நிலத்தடி ஆறு ஓட, மேலே கோடையில் லாரித் தண்ணீர்! பாரோன் கடற்கரையில் அப்படியோர் ஆறு வெளிப்பட்டுக் கடலில் கலக்கிறது. நெல் சிரமம் என்பதால் மரவள்ளிக்கிழங்கை உலர்த்தி மாவாக்கி, 'திவுல்' அவித்து உண்டார்கள்.

குலோன் புரோகோவுக்கு நீர்க்கவலை குறைவு. வடக்கே மெனோரே மலை, தெற்கே கடலோரச் சமவெளி. யோக்யகர்த்தா சுல்தானின் நிலமான குலோன் புரோகோவும், பாகுஆலம் என்ற சிற்றரசரின் நிலமான அடிகர்த்தோவும் 1951-இல் இணைந்து இன்றைய மாவட்டம் ஆயிற்று. 2019-இல் விமான நிலையமும் வந்துவிட்டது.

வரலாறு தேடுபவர் மேற்கே போகலாம். நிலவியலுக்கு, என் ஓட்டு கிழக்குக்கே.