ஈமேக்ஸ் திறக்கும்போது வரும் பிழைகள்: பத்து வருடத்துக்கு மேலான அனுபவம்

2014 முதல் ஈமேக்ஸ்தான் என் எடிட்டர். நிரல் எழுதுவது, குறிப்பெடுப்பது, வீட்டுக் கணக்கு எல்லாம் அதில்தான். இத்தனை வருடத்தில் எடிட்டர் தானாகப் படுத்துவிட்டது என்று சொல்ல எனக்குப் பெரிதாக எதுவும் நினைவில்லை. தகராறு எல்லாம் திறக்கும்போதுதான், அதுவும் ஏதாவது ஒரு பேக்கேஜை (ஈமேக்ஸில் கூடுதலாகச் சேர்க்கும் நிரல்) அப்டேட் செய்த மறுநாள் காலையில்.

என்னை அதிகம் அலைக்கழித்தது கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வேலைக்காக வைத்திருக்கும் ஒரு பேக்கேஜ். அப்போது என் கணினியில் டெபியன் 12 லினக்ஸ், அதில் ஈமேக்ஸ் 28.2. அப்டேட் செய்துவிட்டுத் திறந்தால், 'சீக்' என்ற நூலகம் 2.24 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று எச்சரிக்கை ஜன்னல் எட்டிப்பார்த்தது. வேண்டுமென்றால் நிறுவிவிடலாமே என்று 'பேக்கேஜ்-இன்ஸ்டால்' கட்டளை கொடுத்தேன். சீக் ஏற்கெனவே இருக்கிறது என்று பதில். ஒருவர் வேண்டும் என்கிறார், இன்னொருவர் இருக்கிறது என்கிறார். இரண்டுமே உண்மைதான். ஈமேக்ஸோடு கூடவே வருவது 2.23. உள்ளே இருப்பதற்கு மேல் புதியதை நிறுவ 'பேக்கேஜ்-இன்ஸ்டால்' மறுக்கிறது. இதற்கென்றே ஒரு அமைப்பு இருப்பதாக நண்பர் சொன்னார், இனிட் கோப்பில் (ஈமேக்ஸ் திறக்கும்போது படிக்கும் என் அமைப்புக் கோப்பு) சேர்த்தும் பார்த்தேன். அது ஈமேக்ஸ் 29.1 இல்தான் வந்தது. 28.2 இல் அதற்கு என்ன மதிப்பு கொடுத்தாலும் கேட்க ஆளில்லை.

கடைசியில் பேக்கேஜ் பட்டியலைத் திறந்து, சீக் வரியில் ஐ, அப்புறம் எக்ஸ் அழுத்தினேன். நிறுவிவிட்டது. மூடித் திறந்தேன். அதே எச்சரிக்கை!

நூலகக் கோப்பு எங்கே என்று காட்டும் 'லொகேட்-லைப்ரரி' கொடுத்தால், நிறுவிய பேக்கேஜ்கள் சேரும் என் எல்பா கோப்புறையில் இருக்கும் புதிய கோப்பைத்தான் காட்டுகிறது. 2.24 இல் 'சீக்-கீப்' என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. அது இருக்கிறதா என்று கேட்டதற்கு 'நில்' (nil), அதாவது இல்லை, என்றது. அதாவது பாதையில் இருப்பது புதியது, நினைவகத்தில் உட்கார்ந்திருப்பது பழையது. ஒரு நூலகம் ஒருமுறை ஏறிவிட்டால், நூலகங்களை ஏற்றும் 'ரிக்வயர்' அதை மறுபடி ஏற்றாது, பெயர் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். கிட் பேக்கேஜ் ஏறும் இடத்துக்கு முன்னால் இரண்டு வரி சேர்த்தேன்: பழைய சீக்கை இறக்கு, திரும்ப ஏற்று. சரியாகிவிட்டது. முக்கால் நாள் போனது வேறு விஷயம்.

ஆனால் எல்லாப் பழியையும் பேக்கேஜ்கள் மேல் போட முடியாது. ஒருமுறை வேகமாகத் திறக்கட்டும் என்று என் இனிட் கோப்பையே பைட்-கம்பைல் செய்து (சீக்கிரம் ஏறும் வடிவில் தனிக் கோப்பாக மாற்றி) வைத்தேன், பிறகு மறந்தும் போனேன். அதற்கப்புறம் என்ன திருத்தினாலும் ஒன்றும் மாறவில்லை. மூலக்கோப்பு எவ்வளவு புதிதாக இருந்தாலும் ஈமேக்ஸ் இயல்பாக எடுப்பது கம்பைல் செய்ததைத்தான். மூலம் புதிது என்று கீழே ஒரு நொடி மட்டும் எச்சரிக்கை வந்து மறையும். அந்த ஒரு நொடியில் நான் காபி டம்ளரைத் தேடிக்கொண்டிருப்பேன் போல, வாரக்கணக்கில் கண்ணில் படவே இல்லை.

இப்போது பிழை வந்தால் முதலில் கட்டளையில் பெரிய எழுத்து க்யூ (-Q) கொடுத்து, என் இனிட் கோப்பு இல்லாத வெறும் ஈமேக்ஸைத் திறப்பேன். அது ஒழுங்காக வந்தால் கோளாறு என் பக்கம். அடுத்து, இனிட் கோப்பில் வரும் பிழையை விவரமாகக் காட்டும் 'டீபக்-இனிட்'. அதில் வரும் நீளமான பேக்ட்ரேஸ் பார்த்தவுடன் மிரட்டும், ஆனால் முதல் வரியில் பிழை, அதற்குக் கீழே இறங்க இறங்க அதை அழைத்தது யார் என்பது. எந்தக் கோப்பு ஏறும்போது விழுந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதுவும் கைகொடுக்காவிட்டால் இனிட் கோப்பில் பாதியை மறைத்துத் திறப்பேன், பிறகு மீதியில் பாதி. அழகில்லாத வழிதான், ஆனால் ஐந்நூறு வரிக் கோப்பில் பத்து தடவைக்குள் ஆள் மாட்டிக்கொள்வான்.

சமீபத்தில் டெபியன் 13க்கு மாறினேன், ஈமேக்ஸ் 30.1. சீக் 2.24 கூடவே வந்துவிடுகிறது, அதனால் அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டேன். பழைய ஈமேக்ஸ் கம்பைல் செய்து வைத்த கோப்புகளை நம்பாமல் 'பேக்கேஜ்-ரீகம்பைல்-ஆல்' ஓட்டினேன். எச்சரிக்கைகள் திரை நிறைய ஓடின, பிழை ஒன்றும் இல்லை. அப்டேட் மட்டும் இனி வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான்.