வீல்-ஆன் ட்ரெய்னருக்கு எந்த டயர்? சில மழைக்காலங்கள் மிதித்த பிறகு

சைக்கிளை (இங்கே பைக் என்றால் அதுதான்) வீட்டுக்குள்ளேயே ஸ்டாண்டில் நிறுத்தி மிதிக்க உதவும் ட்ரெய்னரைப் பற்றியது இது. முதலிலேயே ஒன்று. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு செயினை நேராக ட்ரெய்னரில் மாட்டும் டைரக்ட் டிரைவ் வகை உங்களிடம் இருந்தால் இது உங்களுக்குத் தேவைப்படாது, அதில் டயருக்கு வேலையே கிடையாது. பின்சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி மாட்டி, டயர் மேல் ஓர் உலோக ரோலரை அழுத்திவைத்து மிதிக்கிறோமே, அந்த வீல்-ஆன் ட்ரெய்னர் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். விலை குறைவு என்பதால் நிறையப் பேர் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள், நானும் அப்படித்தான்.

என்னுடையது அலுமினிய ரோடு பைக், ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிக்கும் வகை), 700x25 டயர், அதாவது சக்கர அளவு 700, டயர் அகலம் 25 மி.மீ. வேளச்சேரியில் இரண்டாம் மாடி வீடு. ஞாயிறு காலை ஈ.சி.ஆர்., மற்ற நாட்களில் நேரம் கிடைத்தால் ஹாலில் ட்ரெய்னர். அக்டோபரில் மழை பிடித்துவிட்டால் டிசம்பர் வரைக்கும் ஏறக்குறைய ஹால் மட்டும்தான், ஏனென்றால் எங்கள் பக்கம் ரோட்டில் தண்ணீர் நின்றால் அடியில் பள்ளம் இருக்கிறதா மூடியில்லாத மேன்ஹோல் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

பைக்கோடு வந்த டயரிலேயே கொஞ்ச காலம் ஓட்டினேன். ஓடும், ஓடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரோட்டில் டயர் படுகிற பாடு வேறு, ரோலரில் படுகிற பாடு வேறு. ரோடு தட்டையானது, டயர் அதன் மேல் பரவலாக உட்காரும். ரோலர் சின்ன உருளை, டயரின் நடுப்பகுதியில் குறுகலாக அமுங்கி நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் அந்த ஒரே பட்டையில் மடங்கி நிமிர்ந்து, மடங்கி நிமிர்ந்து சூடாகிக்கொண்டே இருக்கும். வெளியில் ஓட்டும்போது எதிர்க்காற்று சூட்டை எடுத்துப் போய்விடும், வீட்டுக்குள் அதுவும் இல்லை. குளிர்நாட்டுக்காரர்கள் ஜில்லென்றிருக்கும் கராஜில் ஓட்டிவிட்டு எழுதுவதைப் படித்துவிட்டு, ஏப்ரல் மாதச் சென்னை ஹாலுக்கும் அதே கணக்கு என்று நினைக்க முடியாது. நன்றாக மிதித்து இறங்கியதும் டயரைத் தொட்டுப் பாருங்கள், கையை வைத்துக்கொண்டிருக்க முடியாது.

இதன் முதல் அடையாளம் கறுப்புப் பொடி. ட்ரெய்னருக்குக் கீழே வெள்ளை டைல்ஸில் மாவு மாதிரி படிந்து, வியர்வையோடு சேர்ந்து பசையாகி, காலில் ஒட்டி அடுப்படி வரைக்கும் போகும். அது டயரிலிருந்து உதிர்ந்த ரப்பர்தான். மழைக்காலம் முடிவதற்குள் பின்டயரின் நடுப்பகுதி மொட்டையாகித் தட்டையாகிவிட்டது. அந்த டயரோடு ஈ.சி.ஆரில் வளைவில் சாய்த்தால், வண்டி சீராகச் சாயாமல் ஓரிடத்தில் தயங்கிப் பிறகு சட்டென்று விழுகிற உணர்வு. எனக்குப் பிடிக்கவில்லை. கான்டினென்டல் ஜிபி 5000 மாதிரி ரேஸ் டயர் போட்டிருப்பவர்கள் அதை ரோலரில் தேய்ப்பது காசைக் கரியாக்குகிற வேலை. அந்த மென்மையான ரப்பருக்குத்தானே அவ்வளவு விலை கொடுத்தோம்!

தம்பியின் எம்.டி.பி.யையும் (மலைப்பாதை சைக்கிள்) ஒருமுறை மாட்டிப் பார்த்தோம், மேலே ரப்பர்க் கட்டிகள் துருத்திக்கொண்டிருக்கும் பட்டன் டயரோடு. ஒவ்வொரு பட்டனும் ரோலரில் தட்டித் தட்டி மொத்த ஸ்டாண்டும் தரையில் அதிர்ந்தது. கீழ்வீட்டு அக்கா மாடிப்படியில் பார்த்துவிட்டு, “ஏம்பா, விடிகாலைலேயே மாவு ஆட்டுறீங்களா?” என்றார். பட்டன் டயரை ட்ரெய்னரில் போடவே போடாதீர்கள், சத்தத்துக்காக மட்டுமில்லை, சூட்டில் அந்தப் பட்டன்கள் பிய்ந்தும் வரும். பின்சக்கரத்துக்கு மட்டும் வழவழப்பான ஸ்லிக் டயர் ஒன்று வாங்கினால் போதும். அளவு பார்க்கும்போது 26, 27.5 என்ற இஞ்ச் கணக்கை நம்பாமல் டயர் பக்கவாட்டில் உள்ள மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள். 26 இஞ்ச் எம்.டி.பி.க்கு 559, 27.5-க்கு 584, 700சி மற்றும் 29-க்கு 622. அந்த எண் ரிம்மோடு ஒத்துப்போக வேண்டும், அகலம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை.

சரி, ட்ரெய்னருக்கென்றே செய்த டயர்களுக்கு வருவோம். கான்டினென்டல், விட்டோரியா, டாக்ஸ் எல்லோருமே இந்த வகையில் டயர் கொண்டுவந்திருக்கிறார்கள், சிலது பளிச்சென்ற நீலத்தில் கூட வரும். சூட்டைத் தாங்கும் வேறு கலவை ரப்பர், மேலே கோடு, பள்ளம் எதுவும் இல்லாமல் வழவழப்பாக இருக்கும். நான் வைத்திருப்பது கான்டினென்டலின் ஹோம்ட்ரெய்னர். போட்ட பிறகு பெரிய மாற்றம் அந்தக் கறுப்புப் பொடி காணாமல் போனதுதான். இத்தனை நாளாகியும் டயரின் நடுவில் லேசான பளபளப்பு மட்டும்தான் தெரிகிறது, தட்டையாகவில்லை. எழுந்து நின்று ஓங்கி மிதிக்கும்போது டயர் ரோலரில் வழுக்கி ‘ஊய்ங்’ என்று கத்துவதும் குறைந்துவிட்டது. சத்தம் மொத்தமாகப் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள், ட்ரெய்னருக்கே உரிய இரைச்சல் அப்படியேதான் இருக்கும். தரை அதிர்வுக்கு டயரை விட அடியில் போட்ட தடித்த ரப்பர் மேட்தான் அதிகம் உதவியது.

இந்த டயர்களை ரோட்டில் ஓட்டக் கூடாது, தயாரிப்பாளர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த ரப்பர் ரோலருக்கானது, ரோட்டில், அதுவும் ஈர ரோட்டில், பிடிப்புக் கொடுக்காது. “பக்கத்துக் கடை வரைக்கும்தானே” என்று கிளம்ப வேண்டாம்.

இங்கேதான் பலரும் யோசிக்காமல் விடுகிற விஷயம் வருகிறது. ரோட்டில் ஓட்ட முடியாத டயரைப் போட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது? சனி இரவு ட்ரெய்னர் டயரைக் கழற்றி ரோடு டயர் போட்டு, திங்கள் திரும்ப மாற்றி... இந்த வகை டயர்கள் பெரும்பாலும் விறைப்பானவை, முதல் தடவை ரிம்மில் ஏற்றும்போது கடைசி ஒரு சாண் ஏறாமல் கட்டைவிரல் தோல் உரிந்துபோகும். டயர் லீவரைப் போட்டு அழுத்தினால் உள்ளே ட்யூப் கடிபட்டுப் பங்க்சர். வாராவாரம் இதைச் செய்ய எந்த மனிதனுக்கும் பொறுமை கிடையாது. ஒன்று ட்ரெய்னரை விட்டுவிடுவீர்கள், இல்லை ஞாயிறு சவாரியை விட்டுவிடுவீர்கள்.

அதனால் என் கருத்து இதுதான்: ஸ்பேர் பின்சக்கரம் வாங்கப் போவதில்லை என்றால் ட்ரெய்னர் டயரும் வாங்காதீர்கள். ஆர்வலர்கள் சக்கரத்தை மேம்படுத்தும்போது பழையதை விற்பார்கள், பைக்கோடு வந்த கனமான சக்கரம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நமக்குப் போதும், கனம் இங்கே ஒரு குறையே இல்லை. அதில் ட்ரெய்னர் டயரையும், உங்கள் பைக்கில் இருக்கும் அதே ஸ்பீடு எண்ணிக்கையில் ஒரு கேசட்டையும் (பின்சக்கரத்தின் கியர் பல்சக்கர அடுக்கு) போட்டுவிட்டால், மாற்றுவதற்கு க்விக் ரிலீஸை, அதாவது சக்கரத்தைப் பைக்கோடு இறுக்கும் பிடியுள்ள கம்பியை, திறந்து மூடுகிற நேரம்தான். க்விக் ரிலீஸ் கம்பி மட்டும் ட்ரெய்னரோடு கொடுத்த இரும்புக் கம்பியாக இருக்கட்டும், அதன் முனைகள்தான் ஸ்டாண்டின் கிண்ணத்தில் ஒழுங்காக உட்காரும். ரிம் அகலம் மாறினால் பிரேக் கேபிளைக் கொஞ்சம் சரிசெய்ய வேண்டிவரும், அதோடு முடிந்தது.

ஸ்பேர் சக்கரம் இப்போதைக்கு வேண்டாம் என்பவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. மடக்க முடியாத வயர் பீட் (விளிம்பில் இரும்புக் கம்பி) உள்ள, கெட்டியான ரப்பரில் செய்த, நடுவில் வழவழப்பான சாதா டயர் ஒன்றைப் பின்னால் போட்டுக்கொண்டு வீட்டிலும் வெளியிலும் அதையே ஓட்டுங்கள். தேயும், பொடி கொட்டும், ஆனால் விலை குறைவு என்பதால் மனசு வலிக்காது. வாரத்துக்கு ஓரிரு தடவை மிதமாக மிதிப்பவர்களுக்கு உண்மையில் இதுவே தாராளம். ட்யூப் சாதாரண பியூட்டைல் ரப்பர் ட்யூப் போதும், மெல்லிய லேடெக்ஸ் ட்யூப் வேண்டாம், அதில் ராத்திரிக்குள் காற்று இறங்கிவிடும், சூடும் அதற்கு ஆகாது.

டயரை விட அதிகம் தொல்லை கொடுத்தது காற்றழுத்தம். என் முதல் ட்ரெய்னர் சக்கர வேகத்தை வைத்து வாட்ஸை (நாம் மிதிக்கும் சக்தியின் அளவு) கணக்கிட்டு மொபைல் ஆப்பில் காட்டுகிற வகை. அதில் டயரில் காற்று குறைந்தாலோ ரோலர் கூடுதலாக இறுகினாலோ, அதே வேகத்துக்குக் கால் அதிகம் உழைக்கும், ஆனால் ஆப்பில் எண் மாறாது. டயர் வழுக்கினால் நேர்மாறு: சக்கரம் சும்மா சுற்றும், வாட்ஸ் மட்டும் ஏறும், நாம் பெரிய ஆள் ஆகிவிட்டதாகத் தோன்றும். ஆகவே ஒவ்வொரு தடவையும் ஏறுவதற்கு முன் ஃப்ளோர் பம்பில் அளவு பார்த்து ஒரே அழுத்தத்துக்கு அடிக்கிறேன். எவ்வளவு என்பதை ட்ரெய்னர் கையேட்டில் பாருங்கள், ஆனால் டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். ஹைப்ரிட் பைக்கின் 700x35 டயர்களில் பல 100 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) தாங்காது. ஆப்பில் சக்கரச் சுற்றளவு கேட்டால் 700x23-க்கு 2096 மி.மீ., 700x25-க்கு 2105, 700x28-க்கு 2136 என்று கொடுங்கள், அகலம் மாற்றியதும் அதையும் மாற்றுங்கள்.

ட்ரெய்னரின் கணக்கைச் சரிபார்த்துத் திருத்தும் கேலிப்ரேஷன் வசதி இருந்தால் அதை ஏறியதும் செய்ய வேண்டாம். டயர் சூடாகச் சூடாக அதன் உருளும் தடை குறையும், எனவே ஒரு பத்து நிமிடமாவது மிதித்துச் சூடேறிய பிறகு செய்வதுதான் நம்பத்தகுந்தது.

புது டயரின் மேல் தயாரிக்கும் அச்சிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த எண்ணெய்ப் பசை இருக்கும், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து டயரையும் ரோலரையும் துடைத்துவிட்டால் ஆரம்ப வழுக்கல் போய்விடும். செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு சொட்டு டயரில் பட்டாலும் இதே வைத்தியம்தான். அப்புறம், இறங்கியதும் ரோலரை டயரிலிருந்து விலக்கி விடுங்கள், அழுத்தியபடியே நாள்கணக்கில் நின்றால் அந்த இடம் அமுங்கி, அடுத்த தடவை ‘டக் டக்’ என்று அடிக்கும்.

டிஸ்க் பிரேக் பைக்காரர்கள் ஸ்பேர் சக்கரத்துக்கு ரோட்டார் (பிரேக் பிடிக்கும் உலோகத் தட்டு) வாங்க வேண்டியதில்லை, ட்ரெய்னரில் பின்பிரேக்குக்கு வேலை இல்லை. ஆனால் ரோட்டார் இல்லாத நேரத்தில் பழக்கதோஷத்தில் பிரேக் லீவரைப் பிடித்துவிட்டால், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கின் பேடு (தட்டைப் பிடிக்கும் கட்டை) இரண்டும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஞாயிறு காலை ரோட்டார் உள்ளே நுழையாது. பைக்கோடு பெட்டியில் வந்த பிளாஸ்டிக் ஸ்பேசரைத் தூக்கிப் போட்டிருக்காவிட்டால் அதைப் பேடுகளுக்கு நடுவில் செருகிவிட்டு மிதியுங்கள்.