பேடும் பாடும்: நாகர்கோவில் பறவைக் கடையில் ஒரு வழக்கு

கடை நாகர்கோவிலில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம். போன ஆவணியில் அங்கே ஒரு ஜோடி கார்டன் ப்ளூ வாங்கினேன். ஆப்பிரிக்கக் குருவி, நம் வயலோரத்துச் சில்லையின் குடும்பம். நீளம் 13 செ.மீ., எடை 10 கிராம் அளவுதான். சேவலுக்கு முதுகு மண்நிறம், மார்பும் வாலும் வெளிர்நீலம், கன்னத்தில் குங்குமத்தை விரலால் இழுகியதுபோல் ஒரு சிவப்பு. பேட்டுக்கு அந்தச் சிவப்பு கிடையாது. விலையோ, கூண்டில் வளர்க்கும் இன்னொரு சின்னக் குருவியான ஜீப்ரா ஃபிஞ்ச் ஜோடியைப் போலப் பல மடங்கு.

பத்தாம் நாள் பேடு பாடியது! பதினைந்து வருடமாக ஜீப்ரா ஃபிஞ்ச் வளர்ப்பவன் நான். அதில் சேவல் மட்டுமே பாடும். இரண்டு சேவலைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, கூண்டும் கையுமாகத் தக்கலையில் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் கோபப்படவில்லை. "உட்காருங்கள் அண்ணாச்சி. இந்த இனத்தில் பேடும் பாடும்" என்றார். கன்னம் சிவக்காத இளம் சேவலாக இருக்குமோ என்றேன். அலகைக் காட்டினார்: இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. குஞ்சென்றால் அலகே கறுத்திருக்குமாம். தெற்கு ஆப்பிரிக்காவில் இதன் உறவுக்குருவி ஒன்று உண்டு. அதில் சேவலுக்கும் சிவந்த கன்னம் இல்லை. அதுவோ என்று கேட்டேன். பேசாமல் பின்கட்டுக்கு அழைத்துப்போய்த் தாய் தகப்பனையே காட்டிவிட்டார். தகப்பனுக்குக் கன்னம் சிவந்திருந்தது. எல்லாம் அவரே பெருக்கியவை. சில்லைகளைப் பிடித்துச் சாயம் பூசி விற்பவர்களும் உண்டு; 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே அந்தத் திருட்டு வேலை இல்லை.

பில்லில் 'பெங்கால் நீலம்' என்று எழுதியிருந்தார். சிரித்தேன். ஆனால் 1766-இல் உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸும் வங்காளத்துப் பறவை என்று நம்பித்தான் 'பெங்காலஸ்' என்று பெயர் வைத்தார். செனகல் முதல் எத்தியோப்பியா வரை புல்வெளியில் மேயும் குருவி வங்காளத்தை எங்கே கண்டது?

இனிக் குறை. அங்கே தந்த தீனிப் பொட்டலம் லவ் பேர்ட்ஸுக்கானது, பருமணி. இவற்றின் சின்ன அலகுக்குத் தினையும் சாமையும்தான் சரி. குஞ்சு வளர்க்கும்போது பூச்சி வேண்டும் என்பதையும் அவர் சொல்லவில்லை. முதல் ஈட்டில் மூன்று குஞ்சும் செத்தன. இப்போது ரப்பர் மரக் குற்றியைப் பிளந்து கறையான் எடுத்துப் போடுகிறேன். காட்டிலும் அதுதான் இவற்றுக்கு விருந்து. வறண்ட நாட்டுப் பறவைகளை ஐப்பசி மழையில் சாரல் அடிக்கும் வாசலிலேயே தொங்கவிடுகிறார். அதை முகத்துக்கு நேராகவே சொன்னேன். கேட்டுக்கொண்டார், கூண்டு நகரவில்லை.

சாயங்காலம் சேவல் ஒரு தேங்காய் நாரை அலகில் கவ்விக்கொண்டு, குதித்துக் குதித்துப் பாடும். இதன் உறவான நீலத்தலை இனத்தை அதிவேகக் கேமராவில் படமெடுத்த ஆய்வு 2015-இல் வந்தது: குதிக்கும்போது நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் கால்களைக் கம்பில் தட்டுகின்றனவாம், சேவலும் பேடும். அன்றிலிருந்து காதைக் கூண்டில் வைத்துக் கேட்கிறேன். மழை ஓய்ந்த நாளில் கேட்பதுபோலத்தான் இருக்கிறது.

தினை தக்கலைச் சந்தையில். குருவிக்கு மறுபடியும் அந்தக் கடைதான்.