ஜெனரேட்டருடன் இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர் தந்தால் வாங்காதீர்கள்

கடலூர்ப் பக்கம் இருப்பவர்கள் அவசியம் படியுங்கள். வீட்டுக்குச் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கும்போது "நாங்களே வந்து மாட்டித் தர்றோம்" என்று கடையில் சொன்னால், எதை எப்படி மாட்டப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் போன கரண்ட், வருகிற வழியாகத் தெரியவில்லை. மேல்தொட்டி காலி. வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். 1 ஹெச்.பி. மோட்டார் ஓடணும் என்று சொல்லித்தான் கடையில் கேட்டேன். "தாராளமா ஓடும்" என்றார்கள். மாட்டித் தருவதற்குத் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டார்கள்.

வந்த பையன் ஜெனரேட்டரை போர்டிகோவில், மாமியார் அறை ஜன்னலுக்கு நேர் கீழே வைத்தான். சாரல் அடிக்கிறது என்று கிரில் கேட்டையும் தார்ப்பாயால் மூடினான். கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் சரியில்லை என்றான். சத்தம் கேட்டு எதிர்வீட்டு மாமா வந்தார். மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயில் மூடியைத் திருகி அளவுக்குச்சியை எடுத்துக் காட்டினார்; கழுவித் துடைத்த கரண்டி மாதிரி பளபளவென்று இருந்தது. புது ஜெனரேட்டர் பெரும்பாலும் ஆயில் ஊற்றாமல்தான் பெட்டியில் வரும். இதில் ஆயில் இல்லாவிட்டால் இன்ஜினை ஓடவிடாத சென்சார் இருந்தது. அது இல்லாத மாடலாக இருந்தால் அன்றைக்கே இன்ஜின் சீஸ் ஆகியிருக்கும்.

அதைக்கூட விட்டுவிடலாம். அடுத்து பையிலிருந்து ஒரு ஒயரை எடுத்தான். இரண்டு முனையிலும் பிளக். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை சமையலறைப் பாயிண்டில். வீடு முழுக்க லைட் எரியுமாம்.

"தம்பி, இதை யார் குடுத்து அனுப்பினது?" என்று மாமா கேட்டார்.

"ஓனர்தான் சார். எல்லா வீட்டுக்கும் இதுதான்."

"கம்பத்துல ஏறியிருக்கிறவன் யார் பெத்த பிள்ளையோ! முதல்ல அதை வெட்டிப் போடு."

மெயினை ஆஃப் செய்யாமல் அப்படிச் செருகினால், நம் ஜெனரேட்டர் கரண்ட் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போகும். அங்கே டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தலைகீழாகப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றி 11 கே.வி. லைனில் விட்டுவிடும். புயலில் அறுந்த கம்பியைச் சரிசெய்ய வந்தவர், லைனில் கரண்ட் இல்லை என்று நம்பித்தான் கை வைப்பார். வீட்டுக்குள்ளும் ஆபத்துதான்: ஒரு முனையைச் செருகியதுமே மறுமுனைப் பின்னில் கரண்ட் இருக்கும். தொட்டால் உயிர் போகும். வாரியக் கரண்ட் திடீரென்று வந்தால் ஜெனரேட்டரே எரியலாம்.

கடைக்காரரைப் போனில் கேட்டேன். "மெயினை ஆஃப் பண்ணிட்டா ஒண்ணும் ஆகாதும்மா" என்றார். இருட்டில், பதற்றத்தில் வீட்டில் ஒருவர் மறந்தால் போதாதா? முறையான வழி சேஞ்ச் ஓவர் சுவிட்ச்; வாரியக் கரண்ட், ஜெனரேட்டர் கரண்ட் இரண்டில் ஏதாவது ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும் சுவிட்ச் அது. அதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் போட வேண்டும். அது போடும்வரை, ஃபிரிட்ஜ், ஃபேன் என்று வேண்டியதை மட்டும் கனமான எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஜெனரேட்டரிலிருந்தே நேராக எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் சமாளித்தோம்.

மாமா ஜெனரேட்டரைக் கொல்லைப்புறம் வீட்டைவிட்டு இருபது அடி தள்ளி, மேலே மட்டும் தகரம் போட்டு, புகைக்குழல் வெளிப்பக்கம் பார்க்க வைத்தார். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். ஜன்னலடியில் வைத்த அந்தப் பையனை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

ஆயில் ஊற்றி, எதையும் இணைக்காமல் பெட்ரோல் வால்வைத் திறந்து, சோக் போட்டு, கயிறு இறுகும்வரை மெதுவாக இழுத்து, பிறகு ஒரே வீச்சாக இழுத்தார். உடனே பிடித்துக்கொண்டது. சோக்கை எடுத்துச் சற்று நேரம் ஓடவிட்ட பிறகுதான் ஒவ்வொன்றாக இணைத்தார். பெட்ரோல் தீர்ந்தால் அணைத்து, சூடு ஆறியபின்தான் ஊற்ற வேண்டும் என்றார்.

மோட்டார் ஓடவே இல்லை. ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஜெனரேட்டரின் பெட்ரோல் டேங்கில் பெரிதாக ஒட்டியிருந்த எண், அது கொஞ்ச நேரம் மட்டும் தரக்கூடிய அதிகபட்ச மின்திறன். தொடர்ந்து தரக்கூடியது எவ்வளவு என்று பின்பக்கத் தகட்டில் பொடி எழுத்தில் இருந்தது. வாங்கும்போது அந்தத் தகட்டைப் படியுங்கள்.

கடையில் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். ஆயில் இல்லாதது எங்கள் தவறாம். பில்லில் மாட்டுக்கூலி என்று எழுதியிருந்ததால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிய முடிந்தது; பதிலுக்குக் காத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் இரண்டு முனையிலும் பிளக் உள்ள ஒயர் இருந்தால் இன்றைக்கே வெட்டி எறியுங்கள்.