தொட்டிக்குத் தொட்டி அறிவியல் பெயர்: ஐந்து வருட அனுபவம்

காட்பாடியில் எங்கள் மொட்டை மாடியில் நாற்பது தொட்டி மூலிகை. ஐந்து வருடமாகத் தமிழ்ப் பெயரோடு அறிவியல் பெயரையும் எழுதிச் செருகி வருகிறேன். முதலில் மார்க்கரில் எழுதினேன், வேலூர் வெயிலில் ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. இப்போது கூல்டிரிங்க்ஸ் டின்னை வெட்டி ஆணியால் கீறிவிடுகிறேன்.

ஆரம்பித்ததே ஒரு ஏமாற்றத்தில்தான். நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று கொடுத்ததை இரண்டு மாதம் பருப்போடு கடைந்து சாப்பிட்டோம். சித்த மருத்துவம் படிக்கும் சித்தி மகள் வந்து பார்த்தவள், "அக்கா, இது பார்க்ல தரையை மூட வளர்க்கிற செடி, இலையைப் பாரு" என்றாள். பார்த்தால், இலையின் இரண்டு பக்கமும் பல் மாதிரி ஒவ்வொரு மடல் துருத்திக்கொண்டிருக்கிறது! அதன் பெயர் ஸ்ஃபாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா, அமெரிக்கக் கண்டத்துச் செடி. டிரைலோபேட்டா என்றாலே மூன்று மடல், பெயரே காட்டிக்கொடுக்கிறது. நிஜமான மஞ்சள் கரிசாலை ஸ்ஃபாக்னெட்டிகோலா கேலெண்டுலேசியா. முதல் சொல் பேரினம், அதாவது நெருங்கிய உறவுச் செடிகளின் கூட்டம், அது இரண்டுக்கும் ஒன்றுதான்; இரண்டாவது சொல்லில்தான் நான் ஏமாந்தது. வெள்ளைக் கரிசாலையோ எக்லிப்டா புரோஸ்ட்ராட்டா, பேரினமே வேறு. அதன் தண்டைக் கிள்ளி விரலில் தேய்த்தால் கொஞ்ச நேரத்தில் சாறு கறுக்கும்.

அதற்காகத் தமிழ்ப் பெயரை மட்டமாக நினைக்க வேண்டாம். ஒரு சாண் கீழாநெல்லிக்கும் நெல்லி மரத்துக்கும் பெயரில் மட்டும்தான் உறவு என்றிருந்தேன், இரண்டுமே ஃபில்லாந்தஸ் பேரினமாம்.

அறிவியல் பெயரில் பெரிய குறை, அதை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். செடிப் பெயர்களுக்கு 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் எழுதிய நூலிலிருந்துதான் கணக்கு, ஆனால் உறவுமுறை பற்றிப் புதிதாகத் தெரியத் தெரிய பேரினத்தைப் பிரிக்கிறார்கள். அப்படிப் பிரித்ததில் அகேசியா என்ற பெயர் 2005 வியன்னா தாவரவியல் மாநாட்டு முடிவுப்படி ஆஸ்திரேலிய மரங்களுக்குப் போய்விட்டது, அதுவரை அகேசியாவாக இருந்த நம் கருவேலம் வாச்செல்லியா நைலோட்டிகா ஆனது. பாலாறு முழுக்க மண்டிக் கிடக்கும் வேலிகாத்தானையும் விடவில்லை, அதன் புரோசோபிஸ் என்ற பேரினப் பெயரை 2022இல் நெல்டுமா ஆக்கிவிட்டார்கள். பழைய புத்தகங்களில் பழைய பெயர்தானே இருக்கும், அதனால் தகரத்தின் பின்பக்கம் அதையும் கீறி வைக்கிறேன்.

கடையில் இதெல்லாம் செல்லாது. லாங்கு பஜாரில் கரிசாலை என்றுதான் கேட்க வேண்டும், கட்டைப் பிரித்துத் தண்டைக் கிள்ளிப் பார்ப்பதைக் கீரைக்கார அம்மா கவனிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.