லுவாங் பிரபாங்கில் மனிதர்களைப் படமெடுக்க 35, 85, 70-200, ஃபோன்: எது எங்கே எடுபடும்?

லாவோஸின் லுவாங் பிரபாங் 1995 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் சின்ன ஊர். விடியற்காலையில் பிக்குகளைவிடக் கேமராக்கள் அதிகம் என்று சொல்லும்படி ஆகிவிட்டது. இங்கே லென்ஸைத் தேர்ந்தெடுக்கும்போதே, எவ்வளவு தள்ளி நிற்கப் போகிறோம் என்பதையும் முடிவு செய்துவிடுகிறோம். 35, 85, 70-200 என்பவை லென்ஸின் குவியத் தூரம், மி.மீ. கணக்கில்; எண் கூடக் கூடத் தொலைவில் இருப்பது பெரிதாக விழும். கணக்கை முதலில் பார்த்துவிடலாம். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் ஏறத்தாழ இவ்வளவு தூரம் வேண்டும்:

| | ஆள் முழுசாக | மார்பளவு |
|---|---|---|
| ஃபோனின் மெயின் கேமரா (24 மி.மீ. அளவு) | 1.5 மீ. | அரை மீட்டர் |
| 35 மி.மீ. | 2 மீ. | 70 செ.மீ. |
| 85 மி.மீ. | 5 மீ. | 1.6 மீ. |
| 200 மி.மீ. | 11 மீ. | 3.5 மீ. |

ஏபிஎஸ்-சி (சற்றுச் சிறிய சென்சார்) கேமராவென்றால் 35-க்குப் பதில் 23, 85-க்குப் பதில் 56 என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

தக் பாத்: பிக்குகள் உணவு பெறும் விடியல் பிண்டபாதம்

பிக்குகளும் இளம் சாமணேரர்களும் (பயிற்சித் துறவிகள்) வெறுங்காலுடன் வரிசையாக வர, முழங்காலிட்டிருப்பவர்கள் மூங்கில் கூடையிலிருந்து ஒட்டரிசிச் சோற்றை விரலால் கிள்ளி உருட்டிப் பாத்திரத்தில் இடுகிறார்கள். பேச்சே கிடையாது. கிட்டே போய்ப் படமெடுக்காதீர்கள், ஃபிளாஷ் கூடாது, பிக்குகளுக்கு மேலே உயரத்தில் நிற்காதீர்கள் என்று ஊரிலேயே அறிவிப்புகள் உண்டு. இந்த மூன்றையும் மதித்தால் 35-ம் ஃபோனும் ஆட்டத்திலேயே இல்லை. 2 மீட்டர் என்பது வரிசைக்குள் நுழைகிற தூரம்.

மிச்சம் 85-ம் 70-200-ம். ஜனவரியில் சூரியன் 6:40 வாக்கில்தான் தலைகாட்டும்; பிக்குகளோ அதற்கு வெகு முன்பே தெருவில் இருப்பார்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில் 85-ஐ எஃப் 1.8 (லென்ஸ் துளையின் அளவு; எண் குறைந்தால் வெளிச்சம் கூடும்), ஷட்டர் 1/125 நொடி வைத்தால் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்; கூடினால் படம் பொரிப்பொரியாகும்) 3200 போதும் என்று கொள்வோம். அதே வெளிச்சத்தில் எஃப் 2.8 ஜூமை 200-இல் வைத்தால், கை ஆட்டத்துக்காக 1/250 வேண்டும். ஐஎஸ்ஓ 16000-ஐ எட்டும். கேமராவோடு வந்த எஃப் 5.6 ஜூம் என்றால் 64000. அதை அறையிலேயே விட்டுவிடலாம். ஜூன் மாதம் 5:30-க்கே விடிந்துவிடுவதால் அந்தப் பருவத்தில் ஜூமும் தாக்குப்பிடிக்கும்.

எங்கள் தீர்ப்பு 85, எஃப் 1.8. எதிர் நடைபாதையில் குந்தி உட்கார்ந்தால் ஒரு பிக்கு முழுசாக வருவார். உயரப் பிரச்சினையும் தீர்ந்தது. அரைக் கிலோவுக்குள் எடை, துருத்திக்கொண்டு நிற்காத உருவம். 70-200 என்னும் ஒன்றரைக் கிலோ வெள்ளைக் குழாயை நீட்டினால், 11 மீட்டர் தள்ளி நின்றாலும் மரியாதையாகத் தெரியாது.

எந்த லென்ஸ் ஆனாலும் கெடுத்துவிடுகிற விஷயங்கள் சில. ஃபோகஸுக்கு உதவும் சிறு விளக்கை அணையுங்கள். ஃபிளாஷ் போடாதவர்கள்கூட அந்த ஆரஞ்சு வெளிச்சத்தைச் சாமணேரர் முகத்தில் அடித்துவிடுகிறார்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் நல்லதுதான். ஆனால் அங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு தடவை துடிக்கும். 1/250-இல் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். 1/100-க்கு இறக்கினால் பட்டை போய்விடும். நம்மை நோக்கி வருகிறவர் அந்த வேகத்தில் தெளிவாகவே விழுவார், குறுக்கே நடப்பவரின் பாதம் மட்டும் கலங்கும். அது அழகாகவே இருக்கும். முகம் தேடும் ஃபோகஸ் பின்னால் நிற்கும் சுற்றுலாப் பயணியின் முகத்துக்குத் தாவும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றிப் பாத்திரத்தின் விளிம்பில் வையுங்கள். காவியில் சிவப்பு மட்டும் தனியாக நிரம்பி வழிந்து, துணியின் மடிப்பெல்லாம் அழிந்து ஒரே தட்டையாகிவிடும். பொதுவான ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) இது தெரியாது. ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு), வெளிச்சத்தை மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எடுங்கள்.

காலைச் சந்தை

இங்கே கணக்கு தலைகீழ். சந்து குறுகல். 85-ஐ மாட்டிப் பின்னால் நகர்ந்தால் யாருடைய கீரைக்கட்டிலாவது கால் வைப்பீர்கள். 35-தான் சரி: ஆற்றுப்பாசி அப்பளம்போல் காயவைத்த காய்பேன், மீன், அதை விற்கும் அம்மா, மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வரும். அந்தத் தூரத்தில் திருட்டுத்தனமாக எடுக்க வழியில்லை, அதுவே நல்லது. “சபாய் டீ” சொல்லி, ஏதாவது வாங்கி, கேமராவைக் காட்டி “தாய் ஹூப் தை போ?” என்று கேளுங்கள். படம் எடுக்கலாமா என்று பொருள். கையை ஆட்டி மறுத்தால் அதோடு விட்டுவிட வேண்டும். தலையாட்டினால் முதல் இரண்டு படம் விறைப்பாகத்தான் இருக்கும். அடுத்த வாடிக்கையாளர் வரும்வரை நின்றால் முகம் இயல்புக்குத் திரும்பும். 35-இல் மார்பளவுக்குமேல் நெருங்காதீர்கள், மூக்கு பெருத்துவிடும். சிவப்புக் குடைக்கும் நீலத் தார்ப்பாய்க்கும் அடியில் இருப்பவரின் தோல்நிறத்தை எந்த மென்பொருளாலும் முழுசாக மீட்க முடியாது. குடையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரைத் தேடுங்கள்.

ஃபோன்

சந்தையில் 35-க்குச் சரியான போட்டி இதுதான். யாரும் மிரள்வதில்லை, எடுத்ததை உடனே திருப்பிக் காட்டலாம், அங்கேயே அவர்கள் ஃபோனுக்கு அனுப்பலாம். தக் பாத்தில் மட்டும் தோற்கும். நைட் மோட் பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவதால், நடக்கும் பிக்குகள் புகைபோலக் கரைவார்கள். 3எக்ஸ் தொட்டால் டெலி லென்ஸ் வேலை செய்கிறது என்று நம்ப வேண்டாம்: இருட்டில் பல ஃபோன்கள் சத்தமில்லாமல் மெயின் கேமராவுக்கு மாறி, நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கித் தருகின்றன. போர்ட்ரெய்ட் மோட் மூங்கில் கூடையின் பின்னல் விளிம்பைக் கடித்துத் துப்பும்.

70-200-க்கு வேலையே இல்லையா?

‘நாம் கான்’ என்னும் ஆற்றின் கரையில் உண்டு. மழைக்காலம் முடிந்து ஆண்டுதோறும் புதிதாகக் கட்டும் மூங்கில் பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர், படகிலிருந்து வலை வீசுகிறவர் எல்லாம் 85-இல் எறும்பளவுதான். மாலை வெளிச்சம் இருப்பதால் ஐஎஸ்ஓ கவலையும் கிடையாது. ஆனால் மார்ச், ஏப்ரலில் காடெரிப்புப் புகை மண்டும். தொலைவு கூடக் கூட லென்ஸுக்கும் ஆளுக்கும் நடுவே அந்தப் புகையும் கூடும்.

கைம்மாறு

குழந்தைகளுக்குக் காசோ மிட்டாயோ கொடுத்துப் பழக்காதீர்கள். பையில் இன்ஸ்டாக்ஸ் மினி அச்சுப்பொறி இருந்தால் 62-க்கு 46 மி.மீ. படம் ஒன்றை அங்கேயே தரலாம். வெயிலில் சூடேறிய பையில் ஃபிலிம் இருந்தால் மட்டும் நிறம் திரியும். சாமணேரருக்குப் படம் தருபவர் பெண்ணென்றால் கையில் கொடுக்காமல், அவர் எட்டும் இடத்தில் கீழே வைத்துவிட்டு நகர்ந்துகொள்ளலாம்.

இரண்டே இரண்டு லென்ஸுக்குத்தான் பையில் இடமென்றால் 85-ம் 35-ம். ஒன்றுதான் என்றால் 85-ஐ மாட்டிக்கொண்டு, சந்தையை ஃபோனிடம் விட்டுவிடுங்கள்.