குன்னூர் ஈரத்துக்கு ஒரு புட்டி வினிகர்

வடகிழக்குப் பருவமழையில் அலமாரிக்குள் பூக்கும் பூசணத்துக்காகவே, குன்னூர் மார்க்கெட் மளிகைக் கடையில் இந்த வெள்ளைச் செயற்கை வினிகரை வாங்கினேன். பழைய பருத்தித் துணியை அதில் நனைத்து மரத்தட்டுகளைத் துடைத்து, கதவைச் சிறிது நேரம் திறந்து வைத்தால், தோல் செருப்பின் ஓரம்வரை படர்ந்த சாம்பல் படலமும் ஈர வாடையும் அகன்றுவிடுகின்றன. பணி ஓய்வுக்குப் பின், அவசரமில்லாத காலையில் இதுவும் ஓர் இன்பமே. கெட்டிலின் உப்புப் படிவையும் கரைக்கிறது. ஆனால் சலவைக்கல்லில் பட்டால் அமிலம் பளபளப்பை அரித்துவிடும். பிளீச்சிங் பவுடருடன் கலந்தாலோ நச்சுக் குளோரின் வாயு வெளிவரும்.

ஊறுகாய்க்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஊட்டி கேரட்டை நீளவாக்கில் நறுக்கி, மிளகும் உப்பும் சேர்த்து ஊறவைத்தபோது நெடியே மேலோங்கியது. விலை கூடினாலும் அதற்கு, புளிக்கவைத்துச் செய்யும் ஆப்பிள் வினிகரே ஏற்றது. புட்டியின் மூடியும் இறுக்கமாக இல்லை.